கோ-கார்ட் ஃபிரேமும் மூன்று வகை வெல்டிங்கும்

அக்கா பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த மறுநாளே வந்து நின்றான். "மாமா, லீவுல கோ-கார்ட் செய்யலாமா?" தரையை ஒட்டி ஓடும் அந்தக் குட்டி ரேஸ் வண்டியைத்தான் கேட்டான். போன வருஷம் அவனைக் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப் போனது நான்தான். அதனால் பழியை வேறு யார் மேலும் போட முடியவில்லை. ஷெட்டில் ஒரு பழைய ஸ்பிளெண்டரின் 97 சிசி இன்ஜின் சும்மா கிடந்தது. ஓட்டிப் பார்க்கச் சித்தப்பாவின் தோப்பில் கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களம் இருந்தது. ஃபிரேம் மட்டும்தானே பாக்கி என்று நினைத்தேன். அந்த 'மட்டும்தானே' ஏழு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது.

இன்ஜின், பிரேக் பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. குழாய்களை எதைக் கொண்டு ஒட்டினோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது மட்டும்.

கோ-கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு, திரும்பும்போது இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சமாவது தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி வளையும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அந்த எழும்பலுக்குக் காரணம் முன் சக்கரக் கோணமும் ஃபிரேம் முறுக்கிக்கொடுப்பதும்தான். அதாவது ஃபிரேமே ஸ்பிரிங். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு ஜாயிண்டும் முறுக்குப்படுகிறது. வீட்டு கேட்டுக்கு அடித்த வெல்டு ஒரு முறை நின்றால் பிறகு அதன் பாட்டுக்கு நிற்கும். இது அப்படியல்ல. 1956ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் முதல் கார்ட்டைச் செய்ததும் வெறும் குழாயையும் புல்வெட்டி இன்ஜினையும் வைத்துத்தான் என்று தைரியம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மனுஷன் பிழைப்புக்கு ரேஸ் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவன்.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கார்ட்டுகளுக்கு 30 அல்லது 32 மி.மீ. குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய் போடுவார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. வெளிவிட்டம் 32 மி.மீ., கனம் 2 மி.மீ. உள்ள சாதாரண ஈஆர்டபிள்யூ (தகட்டைச் சுருட்டி மின்சாரத்தில் ஒட்டிய) கருப்புக் குழாய் வாங்கினோம். மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கடையில் இதை 14 கேஜ் என்று கேட்க வேண்டும். "16 கேஜ் போதுங்க, கட்டிலுக்கே அதுதான் போடறாங்க" என்றார் கடைக்காரர். கட்டில் வளைவில் திரும்பாது என்று அவரிடம் விளக்கவில்லை. பழகுவதற்கு மட்டும் 1.6 மி.மீ. உள்ள அந்த 16 கேஜில் ஒரு நீளம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பழைய போர்வெல் ஜிஐ குழாய் நிறையக் கிடந்தது. காசு மிச்சம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். மூச்சில் போனால் அன்று சாயங்காலமே குளிர்ஜுரம் மாதிரி நடுக்கும். வெல்டும் நுரைத்துக்கொண்டு துளைதுளையாக நிற்கும். அதைத் தொடவே இல்லை.

இப்போது வெல்டிங். என் முன்னால் இருந்த வழிகள் மூன்று. வீட்டிலேயே 200 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன இன்வர்ட்டர் ஆர்க் மிஷின் இருக்கிறது, ராடை உருக்கி ஒட்டுவது, நான் வாங்கியது. நண்பனின் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சிஓ2 மிஷின் இருக்கிறது, கம்பி தானாக ஓடிவந்து உருகும், கூடவே வரும் கேஸ் அதைக் காற்றிலிருந்து காக்கும்; ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும், கேஸுக்கும் கம்பிக்கும் காசு கொடுத்தால் போதும். மூன்றாவது, கோவை கணபதி பக்கம் ஸ்டெயின்லெஸ் வேலை செய்யும் ஒரு கடையில் ஆர்கான், அதாவது டிக் வெல்டிங். கேஸ் வெல்டிங்கும், அதாவது தீச்சுடரில் உருக்கி ஒட்டுவதும், உண்டுதான். முதல் உலகப்போர்க் காலத்து ஃபோக்கர் விமானங்களின் உடற்கூடே கேஸில் பற்றவைத்த குழாய்தான். ஆனால் அது தெரிந்த கைகள் எங்கள் பக்கம் இப்போது ரேடியேட்டர் கடையில்தான் இருக்கின்றன, சூடும் ஃபிரேம் முழுக்கப் பரவும். விட்டுவிட்டேன்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நண்பன், "சிஓ2 போடு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றான். ஆர்கான் கடைக்காரர், "ஆர்க்ல அடிச்சா ஓட்டைதான் விழும்" என்றார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், திருச்சியில் முப்பது வருஷம் பாய்லர் குழாய் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "பேசி என்னத்துக்கு கண்ணு? ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பீஸ் அடி. வைஸ்ல மாட்டி உடை. உடையறது சொல்லும்."

அதைத்தான் செய்தோம். ஒரு குழாய்த் துண்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி 'டி' போல ஒட்டுவது, ஒவ்வொரு முறையிலும் இரண்டிரண்டு. ஒன்றை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கி, நிற்கும் குழாய்க்குள் மூன்றடிக் கம்பியைச் செருகி முன்னும் பின்னும் வளைப்பது. இன்னொன்றை ஹாக்சாவில் நடுவாக அறுத்து, அரத்தாலும் எமரி தாளாலும் தேய்த்து, சர்க்யூட் போர்டுக்காக வாங்கி வைத்திருந்த ஃபெரிக் குளோரைடைத் தடவிப் பார்ப்பது. தடவிய ஒரு நிமிஷத்தில் வெல்டு தனி நிறமாகவும் குழாய் தனி நிறமாகவும் பிரிந்து தெரியும். எங்கே உருகிச் சேர்ந்திருக்கிறது, எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

முதலில் ஆர்க். கையில் இருந்தது 10 நம்பர் ராடு, அதாவது 3.15 மி.மீ. 110 ஆம்பியரில் வைத்தேன். 16 கேஜ் குழாயில் தொட்ட இடமெல்லாம் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. பையன் சிரித்தான். 12 நம்பருக்கு மாறினேன், 2.5 மி.மீ. 6013 ராடு, 70 ஆம்பியர். 14 கேஜில் ஓரளவு பிடித்தது, 16 கேஜில் அப்போதும் ஓட்டை. அப்புறம்தான் ராடைப் பிடிக்கும் ஹோல்டரை நெகட்டிவுக்கு மாற்றிச் செருகினேன். டிசி மிஷினில் ராடு பாசிட்டிவில் இருந்தால் ஆழமாகப் பாயும், நெகட்டிவில் இருந்தால் மேலோட்டமாகப் போகும். மெல்லிய குழாய்க்கு இதுதான் தோது, 6013க்கு இரண்டுமே ஒத்துவரும். 7018 கெட்டி ராடு என்று சொல்லி ஒருவர் கொடுத்தார். ஆனால் அது ஈரம் ஏறாமல் இருக்க வேண்டிய ராடு; திறந்த பாக்கெட்டில் மாதக்கணக்காகக் கிடந்ததை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் வறுக்காமல் போட்டால் அதை வாங்கியதற்கே அர்த்தமில்லை. என் குட்டி மிஷினில் பற்றிக்கொள்ளவும் அடம்பிடித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு கூத்து: முதல் நாள் முழுக்க ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது. மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு மிஷினில் இல்லை, நான் போட்டிருந்த முப்பது மீட்டர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில். வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடுகிறது. தடித்த ஒயரைப் போட்டு நேராக 16 ஆம்பியர் பிளக்கில் செருகியதும் சரியானது. உள்ளே டிவி மட்டும் கண் சிமிட்டியது, அம்மாவும் சத்தம் போட்டார்.

உடைத்துப் பார்த்ததில் ஆர்க் பீஸ் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பிடித்திருந்தது. கம்பியை வளைத்தபோது குழாய்தான் நசுங்கி மடிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிளவு. அறுத்துப் பார்த்தால் அங்கே கடுகு அளவுக்குக் கருப்புக் கசடு, ராடின் மேல்பூச்சு உருகி இறுகியது. வட்டக் குழாயைச் சுற்றி அடிக்கும்போது கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு ஜாயிண்டுக்கு நாலைந்து முறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் பழைய கசடு முழுக்கப் போகாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். பாய்லர்காரர் போன்ற கைக்கு அது பிரச்சினை இல்லை. எனக்கு இருபத்துச் சொச்ச ஜாயிண்டில் எத்தனை கடுகு இருக்குமோ.

அடுத்த ஞாயிறு சிஓ2. இதில்தான் நான் ஏமாந்தேன். 0.8 மி.மீ. கம்பி, நண்பனே அளவு வைத்துக் கொடுத்தான். வீட்டு கேட் கம்பிகளுக்கு வைத்திருந்த அதே அளவு. சர்ரென்று ஓடியது. கசடு இல்லை, நிறுத்தத் தேவையில்லை, நாணயம் அடுக்கிய மாதிரி வரிசையாக விழுந்தது. முதல் தடவையிலேயே எனக்கு இவ்வளவு அழகாக வந்துவிட்டதே என்று போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்புறம் வைஸில் மாட்டினோம்.

இரண்டாவது வளைப்பிலேயே டப்பென்று வந்துவிட்டது. குழாய் மடியவில்லை, வெல்டு கிழியவில்லை. வெல்டு முழுசாக நிற்கும் குழாயோடு கழன்று வந்தது. அடிக் குழாயில் பாதி வட்டத்துக்கு அது உட்கார்ந்திருந்த தடம் மட்டும், ஸ்டிக்கரை உரித்த மாதிரி. பாய்லர்காரர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பூ மாதிரி இருக்குதுன்னு பாத்தியா? மேல பூத்திருக்குது, உள்ள வேர் புடிக்கலையே."

காரணம் மூன்று. குழாயின் கருப்புத் தோலையும் எண்ணெயையும் கிரைண்டரால் எடுக்காமல் அடித்தது ஒன்று. வோல்டேஜ் குறைவு என்பது இரண்டாவது. மூன்றாவது என் கை: கம்பி உருகிய குழம்பின் மேலேயே விழும்படி பிடித்திருந்தேன். குழம்பின் முன்விளிம்பில், அடிக் குழாயை நோக்கி விழ வேண்டும். ஆர்க்கில் சூடு போதவில்லை என்றால் ராடு ஒட்டிக்கொண்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும். சிஓ2 காட்டிக்கொடுக்காது. சூடே இல்லாமலும் அழகாக ஓடும். வீட்டில் செய்கிறவனுக்கு இதைவிட ஆபத்தான குணம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி ஆரம்பித்தோம். இரண்டு குழாயிலும் ஒரு அங்குல அகலத்துக்கு வெள்ளையாகும் வரை கிரைண்டர். வோல்டேஜ் 18க்குக் கொஞ்சம் மேலே, கம்பி வேகத்தை அதற்கேற்ப ஏற்றி, வறுவல் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி சீரான சத்தம் வரும் வரை. கேஸ் நிமிஷத்துக்கு 12 லிட்டர். ஒரு பீஸ் துளைத்துளையாக வந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஃபேனை அணைத்துவிட்டு ஏப்ரல் மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தோல் கையுறையோடு நின்றோம். இந்த முறை வைஸில் குழாய் மடிந்தது, வெல்டு அசையவில்லை. அறுத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் விரல் நகத்தின் கனத்துக்கு உருகிப் புகுந்திருந்தது.

ஆர்கான் பீஸ் இரண்டையும் கடைக்காரரே அடித்துக் கொடுத்தார். சந்தேகமே இல்லை, மூன்றில் அதுதான் முதல். சூட்டை ஒரு கையில், கம்பியை இன்னொரு கையில் தனித்தனியாகக் கொடுப்பதால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகிறது. ஆனால் ஜாயிண்டுக்கு இவ்வளவு என்று அவர் சொன்ன கூலி ஃபிரேம் குழாயின் விலையைத் தாண்டியது. குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கோடு சேர்த்து ஃபிரேமை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும் வேறு. குரோம்-மாலியாக இருந்தால் கொடுத்திருப்பேன். மைல்டு ஸ்டீலுக்கு, ஒழுங்காக அடித்த சிஓ2வே குழாயைவிடக் கெட்டி என்று வைஸ் சொல்லிவிட்டது. அதற்கு மேல் கெட்டியாக இருந்து என்ன பயன்?

ஆக முடிவு கலவையாக வந்தது. குழாயும் குழாயும் சேரும் இடமெல்லாம் சிஓ2. முன் சக்கர 'சி' பிராக்கெட் 6 மி.மீ. தகடு, அதன் தகட்டோடு தகடு சேரும் வேலையை வீட்டில் ஆர்க்கில் 10 நம்பர் ராடு போட்டு முடித்தேன். அங்கே ஓட்டை விழும் பயமில்லை, நிறுத்தாமல் நேராக இழுக்கலாம், கசடும் ஒழுங்காகக் கழன்று வரும். டேக், அதாவது முழு வெல்டுக்கு முன் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்டு, எல்லாம் வீட்டில் ஆர்க்கிலேயே. ஆனால் சிஓ2 அடிப்பதற்கு முன் ஒவ்வொரு டேக்கையும் கசடு போகத் தட்டி, கிரைண்டரில் இரண்டு ஓரமும் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழகான வெல்டுக்கு அடியில் என் பழைய கடுகு தூங்கும்.

உண்மையில் அதிக நேரம் போனது வெல்டிங்கில் இல்லை, மீன்வாய் வெட்டுவதில். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் முதுகில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். டிரில் மிஷினில் 32 மி.மீ. ஹோல்சா போட்டு வெட்டினோம், சாய்வான முனைகளுக்குக் காகிதம் சுற்றிக் கோடு போட்டுக் கிரைண்டர், பிறகு அரைவட்ட அரம். எங்கள் விதி: ஜாயிண்டில் ஹாக்சா பிளேடு நுழைந்தால் திரும்ப அரம் போடு. பையன் இதில்தான் தேறினான். கடைசி வாரத்தில் என் மீன்வாயை வாங்கிப் பார்த்து, "இது சரியா உக்காராது மாமா" என்று அவனே திருப்பிக் கொடுத்தான்.

ஜிக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சி-சேனலைத் தரையில் மட்டம் பார்த்துப் போட்டு, குறுக்கே பழைய கட்டில் ஆங்கிள்களை போல்ட் செய்து, குழாய்களை அதன் மேல் சி-கிளாம்பால் இறுக்கினோம். மூலைவிட்டம் இரண்டும் டேக் போட்டபோது 1 மி.மீ. வித்தியாசத்தில் இருந்தன. உற்சாகத்தில் நான் இடது முன் மூலையை ஒரே மூச்சில் சுற்றி முடித்தேன். கிளாம்பைக் கழற்றியதும் வித்தியாசம் 5 மி.மீ. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த மூலையை வெட்டித் திரும்ப ஒட்டினோம். அதற்கப்புறம் ஒரு ஜாயிண்டில் கால் வட்டம், உடனே எதிர் மூலைக்குப் போய் அங்கே கால் வட்டம், ஆறவிட்டு அடுத்தது. கிளாம்பைக் கை சுடாத வரை கழற்றவில்லை. கடைசியில் 2 மி.மீ.க்குள் நின்றது. ஸ்டியரிங் பிராக்கெட்டுகளை எல்லாம் முடிந்த பிறகுதான் பொருத்தினோம், முதலிலேயே ஒட்டியிருந்தால் கோணம் போயிருக்கும்.

பின் அச்சின் பேரிங் தகடுகளை டேக் போடும்போது அச்சையே மூன்றிலும் செருகி வைத்து நேர் பார்த்தோம். ஆனால் முழு வெல்டுக்கு முன் பேரிங்குகளைக் கழற்றிவிட்டேன். எர்த்து கிளாம்பு ஒரு பக்கம், வெல்டு இன்னொரு பக்கம் என்றால் கரண்ட் பேரிங் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து குழி போட்டுவிடும். எர்த்தை எப்போதும் வெல்டுக்குப் பக்கத்திலேயே கடிக்க வைக்க வேண்டும்.

கண் பற்றி ஒரு வரி. டேக்தானே என்று பையன் ஒருமுறை கருப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்றுவிட்டான். ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி அழுதான். உருளைக்கிழங்கு வில்லை வை என்று நாலு பேர் சொன்னார்கள், டாக்டரிடம் போனோம். அக்கா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மறுநாளே அவனுக்கென்று தனி ஹெல்மெட் வந்தது.

களத்தில் வண்டி ஓடியது. மூன்று ஞாயிறு நன்றாக ஓடியது. நாலாவது ஞாயிறு கழுவித் துடைக்கும்போது இன்ஜின் தகடு பெரிய குழாயோடு சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கருப்புக் கோடு. அழுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசிக் காத்திருந்தோம். ஐந்து நிமிஷத்தில் வெள்ளையின் மேல் இரண்டு செ.மீ. நீளத்துக்கு ஈரக்கோடு எழுந்தது. விரிசலேதான்.

வெல்டு விடவில்லை. விரிசல் வெல்டின் ஓரத்தில், குழாயில் இருந்தது. எந்த வெல்டிங் என்ற கேள்விக்கு வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவன், வெல்டை எங்கே போடுவது என்று யோசிக்கவில்லை. இன்ஜின் தகட்டைக் குழாய்க்குக் குறுக்கே வைத்து, முனையில் வெல்டைக் குழாயின் மேல் குறுக்காகச் சுற்றியிருந்தேன். ஒரு பக்கம் அசையாத கெட்டித் தகடு, மறுபக்கம் முறுக்கிக்கொண்டே இருக்கும் குழாய், ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் உதறல் வேறு. எல்லாம் வந்து சேர்ந்தது அந்தக் குறுக்கு ஓரத்தில்.

விரிசலின் இரண்டு முனையிலும், ஈரக்கோடு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 3 மி.மீ. துளை போட்டோம், விரிசல் மேலும் ஓடாமல் அங்கே நிற்கும். இன்ஜின் தகட்டைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, விரிசல் வழியே 'வி' போலத் தோண்டி, மெதுவாக நிரப்பினேன். மேலே 2 மி.மீ. தகட்டில் இலை வடிவத்தில் ஒரு ஒட்டு வெட்டி, குழாயின் வளைவுக்குத் தட்டி உட்கார வைத்து, இரண்டு நீளப் பக்கமும் மட்டும் அடித்தேன். கூர்முனைகளில் வெல்டு இல்லை. இன்ஜின் தகடு இப்போது அந்த ஒட்டின் மேல், குழாயின் நீளவாக்கில் மட்டும் வெல்டாகி நிற்கிறது. எதிர்ப்பக்கத் தகட்டில் விரிசல் தெரியவில்லை, இருந்தாலும் அதையும் கழற்றி இதே மாதிரி மாற்றினேன்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு ஓடியிருக்கிறது. ஓட்டி முடித்ததும் மண்ணெண்ணெய்த் துணியும் சாக்பீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு பையன்தான் கீழே படுக்கிறான். நேற்று வரை கோடு எழவில்லை.